இருட்டில் சூடு தெரியும். ஆள் யார் என்று தெரியுமா?

1991-ம் ஆண்டு. பிப்ரவரி மாதம் 17-ந் தேதி. நள்ளிரவு தாண்டி மணி 1 இருக்கும்.

சவூதி அரேபியாவும் ஈராக்கும் சேருகிற பாலைவனம். வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்த சமயம் அது.

எல்லையில் நின்ற அமெரிக்கப் படையினர், எதிரி நடமாட்டம் இருப்பதாகச் செய்தி அனுப்பினார்கள். உதவிக்கு "அப்பாச்சி" ஹெலிகாப்டர்கள் பறந்து வந்தன.

விமானியின் முன்னால் ஒரு சிறிய திரை. அதில் இரண்டு வண்டிகள் தெரிந்தன. இருட்டைக் கிழித்துக்கொண்டு பளிச்சென்று தெரிந்தன.

வண்டி என்று தெரிந்தது. யாருடைய வண்டி என்று தெரியவில்லை.

வண்டிகள் நிற்கும் இடத்தைக் குறிக்கும் எண்களை விமானி வானொலியில் சொன்னார். அந்த எண்களில் பிழை நேர்ந்துவிட்டது. கீழே இருந்தவர்கள் வரைபடத்தைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நம்மவர் யாரும் இல்லையே, எதிரியாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு கட்டினார்கள்.

ஏவுகணைகள் பாய்ந்தன. இரண்டு வண்டிகளும் தீப்பிடித்தன.

இரண்டும் அமெரிக்க வண்டிகள்!

சொந்தப் படையின் ஏவுகணைக்கு 2 வீரர்கள் பலியானார்கள். 6 பேர் காயம் அடைந்தார்கள்.

அந்தப் போரில் சண்டையில் இறந்த அமெரிக்கர்கள் மொத்தம் 148 பேர். அவர்களில் 35 பேர் சொந்தப் படையின் கையாலேயே இறந்தவர்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர்! எல்லாவற்றுக்கும் அந்தத் திரைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். வெகு தூரத்தில் இருப்பதைக் காட்டுகிற கண், அது யார் என்பதைக் காட்டவில்லை.

அது என்ன கருவி?

அதற்கு "தெர்மல் சைட்" என்று பெயர். "சைட்" என்றால் துப்பாக்கியில் குறி பார்க்கும் கருவி. "தெர்மல்" என்றால் சூடு. சூட்டைப் பார்த்துக் குறி வைக்கும் கருவி என்று சொல்லலாம்.

சூட்டை எப்படிப் பார்ப்பது?

அடுப்பில் இருந்து இறக்கிய தோசைக்கல்லின் பக்கத்தில் கையை நீட்டிப் பாருங்கள். கல்லைத் தொடவேண்டாம். அதில் வெளிச்சமும் இல்லை. ஆனாலும் கையில் சூடு உறைக்கிறது. கல்லில் இருந்து ஏதோ ஒன்று கிளம்பி வந்து கையில் படுகிறது. அதுவும் ஒருவகை ஒளிதான். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி.

1800-ம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானநூல் அறிஞர் இதைக் கண்டுபிடித்தார். யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தவரும் இவரே. சூரிய ஒளியைப் பட்டைக் கண்ணாடியின் வழியாக விட்டு, வானவில் போல நிறங்களைப் பிரித்தார். ஒவ்வொரு நிறத்திலும் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், நிறமே இல்லாத இடத்திலும் வைத்தார். அங்கேயும் உஷ்ணம் ஏறியது! "அகச்சிவப்புக் கதிர்" என்று இன்று சொல்லப்படுவது அதுதான்.

மனிதன், மாடு, எஞ்சின், பாறை எல்லாமே இந்தக் கதிரை வீசிக்கொண்டே இருக்கின்றன. இரவிலும் நிறுத்துவதில்லை. மனிதனுக்குத்தான் அதைப் பார்க்கும் கண் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் திரிகிற குழிவிரியன் பாம்புக்கு இருக்கிறது. அதன் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சிறு குழி. எலியின் உடம்புச் சூடு அந்தக் குழியில் படுகிறது. கும்மிருட்டிலும் குறி தப்பாது!

விளக்கு பிடித்துச் சுட்டவர்கள்

இரவில் சுடுவதற்கு முதலில் வந்தது வேறு கருவி. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலம். ஜெர்மானியர் "வேம்பயர்" என்ற கருவியைத் துப்பாக்கியில் பூட்டினார்கள். அமெரிக்கர்களும் அதேபோல ஒன்றை 1945-ல் ஒகினாவாத் தீவுச் சண்டையில் பயன்படுத்தினார்கள்.

அதில் ஒரு விளக்கு உண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தை அது வீசும். கருவியின் வழியாகப் பார்ப்பவனுக்கு மட்டும் எதிரே இருப்பது தெரியும். தூரம் அதிகம் இல்லை. சுமார் 70 கஜம்தான். முதுகில் மின்கலப் பெட்டியைச் சுமக்கவேண்டும். இன்னொரு ஆபத்தும் இருந்தது. எதிரியிடமும் அதேபோலக் கருவி இருந்தால் போச்சு! விளக்கு பிடித்தவனே முதல் குறியாகிவிடுவான்.

பிறகு வியட்நாம் போரில் நட்சத்திர வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் கருவி வந்தது. அதற்கு விளக்கு வேண்டாம். ஆனால் துளியாவது வெளிச்சம் வேண்டும். புகை சூழ்ந்தால் தெரியாது. புதருக்குள் ஒளிந்தவனும் தெரியமாட்டான்.

தெர்மல் கருவிக்கு வெளிச்சமே வேண்டாம். சாதாரணப் புகையை ஊடுருவும். இலை தழையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாலும், இடுக்கு வழியாக உடம்புச் சூடு காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனால் ஒரு வேடிக்கை. சாதாரணக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிற ஆளை இந்தக் கருவி பார்க்காது! உடம்பில் இருந்து வரும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. ஜன்னலில் பார்ப்பவனின் சொந்தச் சூடுதான் பிரதிபலிக்கும். அதனால் கருவியின் முகப்பு வில்லையைக் கண்ணாடியில் செய்ய முடியாது. "ஜெர்மானியம்" என்ற உலோகம் போன்ற பொருளில் செய்கிறார்கள். கண்ணுக்கு அது வெறும் சாம்பல் நிறச் சில்லு. உள்ளே எதுவும் தெரியாது. சூட்டுக் கதிருக்கு மட்டும் அது திறந்த கதவு. 2023-ம் ஆண்டு ஆகஸ்டில் சீனா இந்தப் பொருளின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. உலகமெங்கும் கருவி செய்பவர்கள் கலங்கிப் போனார்கள்.

மூன்று அளவு, மூன்று வேலை

அமெரிக்க ராணுவம் "பி.ஏ.எஸ்.-13" என்ற தெர்மல் கருவியை மூன்று அளவில் வாங்கியது. சிறியது, நடுத்தரம், பெரியது.

சிறியது சிப்பாயின் கைத்துப்பாக்கிக்கு அல்ல; தோளில் வைத்துச் சுடும் ரைபிளுக்கு. தூரம் 550 மீட்டர். நடுத்தரக் கருவி இயந்திரத் துப்பாக்கிக்கு. 1,100 மீட்டர். பெரிய கருவி கனரக இயந்திரத் துப்பாக்கிக்கும், தொலைவில் இருந்து குறி பார்த்துச் சுடுபவனுக்கும். 2,200 மீட்டர்.

எல்லாருக்கும் பெரியதையே கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றும்.

அடுப்பு ஊதுகிற ஊதாங்குழல் வழியாகத் தேர்த் திருவிழாவைப் பாருங்கள். ஒரு முகம் தெரியும். தேர் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாது! பெரிய கருவியின் சங்கடம் இதுதான். தூரம் கூடக்கூட, பார்வையின் அகலம் குறைந்துவிடும்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். கருவிக்குள் இருக்கும் சில்லில் அகலவாட்டில் 640 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 80-க்கு மேற்பட்ட புள்ளிகள். இன்றைய நல்ல கருவிகளில் இது சர்வசாதாரணம். முன்னால் 25 மில்லிமீட்டர் குவிதூரம் உள்ள வில்லையைப் பூட்டினால், 100 மீட்டருக்கு அப்பால் 30 மீட்டர் அகலம் கண்ணில் படும். 50 மில்லிமீட்டர் வில்லை என்றால் 15 மீட்டர். 100 மில்லிமீட்டர் என்றால் ஏழரை மீட்டர்தான்!

தெருச் சண்டையில் எதிரி எதிர் வீட்டு வாசலிலேயே நிற்பான். எட்டு மீட்டர் அகலம் பார்க்கிற கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இடது பக்கம் இருந்து ஒருவன் ஓடி வந்தால் தெரியவே தெரியாது. அங்கே சிறிய கருவிதான் உயிரைக் காக்கும். மலை உச்சியில் இருந்து பள்ளத்தாக்கைக் காவல் காப்பவனுக்குப் பெரிய கருவி வேண்டும். கனமும் அப்படித்தான். நாள் முழுவதும் துப்பாக்கியைத் தூக்கி நடப்பவனுக்குத்தான் கால் கிலோவின் அருமை தெரியும்.

கோலப் புள்ளிக் கணக்கு

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் தூரத்தைப் போடுவார்கள். அந்தத் தூரத்தில் என்ன தெரியும் என்பதைச் சிறிய எழுத்தில் போடுவார்கள். விஷயம் அந்தச் சிறிய எழுத்தில்தான் இருக்கிறது.

1958-ம் ஆண்டு ஜான் ஜான்சன் என்ற அமெரிக்க ராணுவ விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். இரவுக் கருவியில் தெரிகிற உருவத்தை மனிதக் கண் எப்படிப் புரிந்துகொள்கிறது என்று பார்த்தார். அவருடைய கணக்கைத்தான் இன்றைக்கும் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள்.

வாசலில் போடுகிற புள்ளிக் கோலம் போல நினைத்துக்கொள்ளுங்கள். உருவத்தின் குறுக்கே 2 புள்ளி விழுந்தால், "அங்கே ஏதோ இருக்கிறது" என்று சொல்லலாம். 8 புள்ளி விழுந்தால், "மனிதன்தான், மாடு இல்லை" என்று சொல்லலாம். இன்ன வகை ஆள், கையில் என்ன வைத்திருக்கிறான் என்று சொல்ல 13 புள்ளியாவது வேண்டும். அதுவும் பாதிக்குப் பாதி வாய்ப்புத்தான். இரண்டு தடவை பார்த்தால் ஒரு தடவை சரியாக இருக்கும்!

மேலே சொன்ன 50 மில்லிமீட்டர் வில்லையையே எடுத்துக்கொள்வோம். ஆளின் அகலம் அரை மீட்டர். அவன் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் நின்றால், அவன் மேல் 2 புள்ளி விழும். ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான். மனிதன் என்று சொல்ல அவன் 260 மீட்டருக்குள் வரவேண்டும். எப்படிப்பட்ட ஆள் என்று சொல்ல 160 மீட்டருக்குள் வரவேண்டும்.

பெட்டியின் மேல் ஒரு கிலோமீட்டர். உண்மையில் உதவுவது 160 மீட்டர்!

வில்லையைச் சிறியதாக்கி 25 மில்லிமீட்டர் ஆக்கினால் 80 மீட்டராகக் குறைந்துவிடும். 100 மில்லிமீட்டர் ஆக்கினால் 320 மீட்டர். கருவி வாங்குகிறவன் கேட்கவேண்டிய கேள்வி, "எத்தனை தூரம் தெரியும்?" என்பது அல்ல. "எத்தனை தூரத்தில் யார் என்று தெரியும்?" என்பதுதான்.

இவ்வளவு புள்ளி விழுந்தாலும் முகம் தெரியாது. சூட்டுப் படத்தில் முகம் ஒரு மெழுகு பொம்மை. பழகிய ஆளைக்கூட அடையாளம் காண்பது கஷ்டம். சட்டையின் நிறம் தெரியாது. தோளில் குத்திய கொடியின் நிறமும் தெரியாது.

டாங்கியின் கண்

டாங்கிக்குள் இருக்கும் தெர்மல் கருவி வேறு ஜாதி. அதன் உள்ளே இருக்கும் சில்லைப் பனிக்கட்டியை விடப் பல மடங்கு குளிரவைக்கிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி! கருவியின் சொந்தச் சூடு படத்தைக் கெடுக்காமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு. குளிரவைக்கும் இயந்திரம் கனமானது. மின்சாரம் நிறையக் குடிக்கும். விலையும் ஏராளம். ஆனால் படம் துல்லியம். கிலோமீட்டர் கணக்கில் பார்க்கும்.

அதே 1991 பிப்ரவரி மாதம் 26-ந் தேதி. ஈராக் பாலைவனத்தில் மணல் காற்று வீசிக்கொண்டிருந்தது. வெறும் கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. அமெரிக்க "ஏப்ராம்ஸ்" டாங்கிகள் மணலுக்குள்ளே சூட்டைப் பார்த்துக்கொண்டு முன்னேறின. எதிரே ஈராக்கின் டி-72 டாங்கிகள். அவற்றில் தெர்மல் கருவி இல்லை. யார் சுடுகிறார்கள் என்று தெரியும் முன்பே அவை எரிந்தன. "73 ஈஸ்டிங்" சண்டை என்று அதற்குப் பெயர்.

ஒரே மாதம். ஒரே வகைக் கண். ஒன்பது நாள் முன்னால் சொந்தக்காரனைக் கொன்றது. இப்போது வெற்றியைக் கொடுத்தது.

குளிரவைக்காமல் வேலை செய்யும் சில்லை அமெரிக்காவின் "ஹனிவெல்" நிறுவனம் ரகசியமாக உருவாக்கியிருந்தது. 1992-ல் ரகசியம் நீங்கியது. நுண்ணிய தகடுகள்தான் அதில் புள்ளிகள். சூடு பட்டால் தகட்டில் மின்சாரம் ஓடும் தன்மை மாறும். ஒரு டிகிரியில் 20-ல் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட அது காட்டிவிடும். இந்தச் சில்லு வந்த பிறகுதான் தெர்மல் கருவி டாங்கியில் இருந்து இறங்கித் தோள் துப்பாக்கிக்கு வந்தது. அங்கிருந்து கடைக்கும் வந்தது.

பன்றி வேட்டைக்காரர்கள்

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் காட்டுப் பன்றிகளின் அட்டகாசம் தாங்கவில்லை. இரவில் கூட்டமாக வந்து வயலைக் கிளறிவிட்டுப் போகின்றன. பயிர்க்காரர்கள் தெர்மல் கருவி பூட்டிய துப்பாக்கியோடு காவல் இருக்கிறார்கள். சட்டம் அங்கே அதற்கு இடம் கொடுக்கிறது.

அவர்களுக்கு 2,200 மீட்டர் வேண்டியதில்லை. வயலின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி தெரிந்தால் போதும். நூறு, இருநூறு மீட்டர். சிறிய, அகலப் பார்வைக் கருவியே நல்லது. பன்றிகள் ஓடும், ஊதாங்குழலுக்குள் நிற்காது!

ஆனால் அனுபவசாலிகள் இரண்டு கருவி வைத்துக்கொள்வார்கள். ஒன்று துப்பாக்கியில். இன்னொன்று கையில், துப்பாக்கி இல்லாமல். தேடுவதற்குக் கைக் கருவி. சுடுவதற்கு மட்டும் துப்பாக்கிக் கருவி.

ஏன் இந்தச் செலவு?

துப்பாக்கிக் கருவியால் தேடுகிறவன், எதைப் பார்த்தாலும் குண்டு நிரப்பிய குழாயை அதன் மேல் நீட்டித்தான் பார்க்கிறான். வெள்ளையாக ஒன்று அசைகிறது. பன்றியாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரனின் கன்றுக்குட்டியாக இருக்கலாம். தண்ணீர் பாய்ச்ச வந்த ஆளாகவும் இருக்கலாம். யார் என்று தெரிவதற்கு முன்பே விரல் விசைக்குப் பக்கத்தில் இருக்கிறது! கைக் கருவியில் பார்த்தால் அந்த ஆபத்து கிடையாது.

அந்தி வேளையின் தகராறு

இந்தக் கருவிக்கும் கண் மங்கும் நேரம் உண்டு. ஒரு நாளில் இரண்டு தடவை.

பகலில் மண்ணும் கல்லும் வெயிலில் காய்கின்றன. இரவில் ஆறுகின்றன. காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் எல்லாம் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வந்துவிடும். அப்போது மரம், பாறை, நிறுத்திய வண்டி எல்லாம் கலந்து ஒரே சாம்பல் பூச்சாகத் தெரியும். கோடைப் பாலைவனத்தில் இன்னொரு விசித்திரம். தரை மனித உடம்பை விட அதிகமாகக் கொதிக்கும். வெள்ளையாகத் தெரியவேண்டிய ஆள் கறுப்பாகத் தெரிவான்! கனத்த மழையும் அடர்ந்த மூடுபனியும் கூடத் தூரத்தைக் குறைத்துவிடும்.

2022 முதல் உக்ரைனில் நடக்கும் போரில் இரு தரப்பும் இந்தக் கண்ணுக்குப் பயந்து நடக்கின்றன. வானத்தில் பறக்கும் சிறு ட்ரோன்களிலும் தெர்மல் கருவி வந்துவிட்டது. உடம்புச் சூட்டை மறைக்கும் போர்வையைப் போர்த்திக்கொண்டு சிப்பாய்கள் நகர்கிறார்கள். போர்வையும் எச்சரிக்கையாகப் போர்த்தவேண்டும். சுற்றுப்புறத்தை விட அது குளிர்ந்து போனால், வெள்ளைக்குப் பதில் கறுப்பாகக் காட்டிக் கொடுத்துவிடும்!

குளிர்ந்த பலகை

வளைகுடாப் போரில் கூட்டுப் படைகளின் வண்டிகளில் தலைகீழான "வி" என்ற ஆங்கில எழுத்தை எழுதியிருந்தார்கள். நம்மவன் என்று காட்ட அதுதான் அடையாளம். பகலில் பக்கத்தில் வந்தால் தெரியும். இரவில் சூட்டுத் திரையில், கிலோமீட்டர் தூரத்தில், பெயின்ட் எழுத்து எங்கே தெரியப்போகிறது?

போர் முடிந்த பிறகு ஒரு தந்திரம் செய்தார்கள். வண்டியின் பக்கங்களில் தனிவகைப் பலகைகளை மாட்டினார்கள். அதன் மேற்பூச்சு தன் சூட்டை வீசாது. குளிர்ந்த வானத்தைப் பிரதிபலிக்கும். எஞ்சின் சூட்டில் வண்டி வெள்ளையாக ஜொலிக்கும்போது, நடுவே இந்தப் பலகை கறுப்புச் சதுரமாகத் தெரியும். 2003-ம் ஆண்டு ஈராக் போரில் இந்தப் பலகைகளோடுதான் வண்டிகள் போயின.

வண்டிக்குச் சரி. நடந்து போகிற சிப்பாய்க்கு?

அவன் தலைக்கவசத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சிமிட்டும் சிறு விளக்கு இருக்கும். நட்சத்திர வெளிச்சத்தைப் பெருக்கும் கருவியில் பார்த்தால் அது மினுக்மினுக்கென்று தெரியும். தெர்மல் கருவியில் பார்த்தால் தெரியவே தெரியாது! அது வேறு ஒளி, இது வேறு ஒளி. ஒரே படையில் ஒருவன் கண்ணுக்கு நண்பன். இன்னொருவன் கண்ணுக்கு வெறும் வெள்ளை உருவம்.

அதனால் இரண்டையும் ஒன்றாக்கிய கருவியை அமெரிக்க ராணுவம் செய்ய வைத்தது. ஒரே படத்தில் வெளிச்சமும் சூடும் சேர்ந்து தெரியும். புதருக்குள் இருப்பவனின் உருவத்தைச் சுற்றிச் சூட்டுக் கோடு ஓடும். அவன் தலையில் நண்பனின் விளக்கு சிமிட்டுகிறதா, இல்லையா என்பதும் அதே படத்தில் தெரியும். 2019 முதல் இந்தக் கருவியின் புதிய வகை, இரண்டு கண்ணாலும் பார்க்கும்படி, சிப்பாய்களின் கைக்கு வந்தது.